சங்கத்தின் 2025–26 ஆண்டறிக்கை

மரியாதைக்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான சங்கதிகளை முதலில் முடித்துவிடுகிறேன். மே தினத்தன்று கொடியேற்றினோம். ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டோம். மாதக் கூட்டம் ஒரே ஒரு மாதம் தவறியது, தீபாவளி நெருக்கம்தான் காரணம். சங்க அறையின் கூரை இன்னும் ஒழுகுகிறது. அதைப் பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது அவரிடமே கேளுங்கள்.

மற்றபடி இந்த வருடம் முழுக்க ஒரே பேச்சுதான், கான்ட்ராக்ட். ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனதும் திருப்பூரில் ஆடை ஆர்டர் நின்றது. "ஆர்டர் வந்ததும் கூப்பிடுறோம்" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நம் உறுப்பினர்களும் உண்டு. அந்தச் சூட்டோடு நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் வேலை ஒப்பந்தம், ஆட்குறைப்பு, ஆலைமூடல் பற்றிய தொழிலுறவுத் தொகுப்பை வைத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம்.

முதல் ஞாயிறு எல்லாருக்கும் கோபம். இரண்டாம் ஞாயிறு செக்கிங் பிரிவில் இருக்கும் அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே இரண்டு வேலை உத்தரவுகள். முதல் உத்தரவு ஒரு சனிக்கிழமையோடு முடிகிறது. அடுத்தது ஒன்பது நாள் கழித்துத் தொடங்குகிறது. அதே கம்பெனி, அதே டேபிள், அதே கூலி. "நடுவுல ஒன்பது நாள் எங்கீங்க்கா போச்சு?" என்று கேட்டால், "ஊருக்குப் போயிட்டு வாங்கன்னாங்க, போயிட்டு வந்தேன்" என்கிறார். நம் மாநிலத்தின் 1981 சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரமாக வேண்டும். அந்தக் கணக்கைக் கலைக்கத்தான் இந்த ஊர்ப் பயணம் என்று நம் பழைய கட்டிங் மாஸ்டர் சொன்ன பிறகுதான் அக்காவுக்கே விஷயம் புரிந்தது. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம்.

அப்புறம் அந்த அக்கா சொன்னதை நான் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். தலைக்கு மேல் இருந்த ஃபேன் சித்திரை வெயிலில் நின்றுபோனதாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "கடுதாசி முடிய இருபது நாள்தானே இருந்துச்சு."

முடியும் தேதி வைத்துக் கொடுக்கும் 'குறித்த கால வேலை'யைப் புதிய தொகுப்பு முழுச் சட்டமாக்கியிருக்கிறது. இது நேற்று முளைத்ததல்ல. 2003இல் விதியாக வந்தது, 2007இல் திரும்பப் பெறப்பட்டது, 2016இல் முதலில் நம் ஆயத்த ஆடைத் தொழிலுக்கே வந்தது, 2018இல் எல்லாத் தொழிலுக்கும் ஆனது. நியாயமாகச் சொன்னால் அதில் நல்லதும் இருக்கிறது. நிரந்தரத் தொழிலாளிக்குள்ள சம்பளமும் சலுகையும் இவருக்கும் உண்டு. ஐந்து வருடம் காத்திராமல் ஒரு வருடத்திலேயே பணிக்கொடை கிடைக்கும். ஆனால் தேதி முடிந்து வீட்டுக்குப் போனால் அது ஆட்குறைப்புக் கணக்கில் வராது. வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற ஈட்டுத்தொகையும் கிடையாது. நிரந்தரக்காரர்கள் பாடும் லேசாகவில்லை. ஆட்குறைப்புக்கும் ஆலைமூடலுக்கும் அரசு அனுமதி 300 பேருக்குக் கீழே உள்ள இடத்தில் இனித் தேவையில்லை. 1976இல் இந்த எல்லை 300ஆகத்தான் இருந்தது, 1982 திருத்தம் அதை 100ஆகக் குறைத்தது, இப்போது மறுபடி 300. நாற்பது வருடம் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே நிற்கிறோம்.

மூன்றாம் ஞாயிறு எம்.பி.க்களைப் பற்றியது. நம் தொகுதி எம்.பி. தோழர் கே. சுப்பராயனும், கேரளாவின் மாநிலங்களவை உறுப்பினராக இருந்த எளமரம் கரீமும், 2020 ஏப்ரலில் இந்தத் தொகுப்பைப் பற்றிய நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையில் தங்கள் எதிர்ப்பை எழுத்திலேயே பதிவு செய்தார்கள். சரி, சபையில் என்ன நடந்தது? அதே வருடம் செப்டம்பர் 21 அன்று வேளாண் மசோதா அமளியில் இடைநீக்கமான எட்டுப் பேரில் கரீமும் ஒருவர். எதிர்க்கட்சிகள் சபையைப் புறக்கணித்தன. தொழிலுறவுத் தொகுப்பு உள்ளிட்ட தொழிலாளர் மசோதாக்கள் 22ஆம் தேதி மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டன. அந்தப் புறக்கணிப்பு சரியா தப்பா என்று அன்று பெரிய வாக்குவாதம். "எண்ணிக்கை இல்லாதப்ப உள்ளே இருந்து என்ன பண்றது?" என்றார் ஒருவர். உள்ளே இருந்து ஒவ்வொரு பிரிவுக்கும் வாக்கெடுப்பு கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. தோற்றாலும் யார் எந்தப் பக்கம் என்பது பெயரோடு ஏட்டில் இருந்திருக்கும். தலைவருக்கு இதில் உடன்பாடில்லை, அதையும் இங்கே பதிகிறேன்.

நம் சட்டமன்றத்தில் 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியபோது கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. 24ஆம் தேதி முதலமைச்சர் நிறுத்தி வைத்தார், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நாம் போட்ட அஞ்சலட்டைகளால்தான் அது நடந்தது என்று ஓர் உறுப்பினர் இன்றும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரைத் திருத்தும் உத்தேசம் நிர்வாகக் குழுவுக்கு இல்லை.

சிறிய ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கும் ஒருவரையும் பேச அழைத்திருந்தோம். ஆர்டர் இல்லாத மாதத்தில் சம்பளத்துக்கு எங்கே போவது என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. யாரிடமும் உருப்படியான பதில் இல்லை. வட்டிக் கடனில் அவரும் நம்மைப் போலத்தான் ஓடுகிறார். ஆனால் அவரிடம் வேலை செய்பவர்கள் எல்லாரும் பீஸ் ரேட், உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி. வேலை உத்தரவு யாரிடமும் கிடையாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அவருக்கு எதற்குக் குறித்த கால ஒப்பந்தம் என்று செக்கிங் அக்கா கேட்டதும் மனிதர் சிரித்துவிட்டார்.

வரும் ஆண்டுக்கு ஒரே வேலையை முன்வைக்கிறேன். ஒவ்வொருவரும் தங்கள் வேலை உத்தரவின் நகலைச் சங்கத்தில் கொடுத்து வையுங்கள். உத்தரவு இல்லாதவர்கள் சேர்ந்த தேதியையும், இடையில் நின்ற நாட்களையும் எழுதிக் கொடுங்கள். அக்காவின் நகல்கள் ஏற்கெனவே பீரோவில் இருக்கின்றன. ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே இருந்த பீரோவை நகர்த்தியாயிற்று.

இப்படிக்கு,
செயலாளர்