சாலிஸ்பரி பிரபு எழுதிய மீதி வாக்கியம்

ஆசிரியருக்கு,

வணக்கம். மூன்று முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சாலிஸ்பரி பிரபு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஹாட்ஃபீல்டு மாளிகையில் அவர் மின்விளக்கு போட்டதும், கூரையில் கம்பி தீப்பிடித்தால் வீட்டார் திண்டை எறிந்து அணைத்ததும் நல்ல சுவை.

ஆனால் "இந்தியாவின் ரத்தத்தை எடுத்தே தீர வேண்டும்" என்று அவர் எழுதியதாகக் கட்டுரையாளர் காட்டுவது பாதி வாக்கியம்தான். மேடைகளிலும் காலங்காலமாக இந்தப் பாதியே ஓடுகிறது. 1875இல் இந்திய மந்திரியாக, அதாவது லண்டனில் இருந்து இந்திய ஆட்சியைக் கவனிக்கும் பிரிட்டிஷ் மந்திரியாக, அவர் எழுதிய குறிப்பில் மீதியும் உண்டு: எடுக்கத்தான் வேண்டுமென்றால், ரத்தம் கட்டியிருக்கும் இடத்தில் கத்தியை வை, ஏற்கெனவே ரத்தமில்லாமல் துவண்ட இடத்தில் வைக்காதே. துவண்ட இடம் என்று அவர் சொன்னது கிராமத்தை. பணம் புழங்கும் நகரங்களை விட்டுவிட்டுக் குடியானவனிடமே வரியைக் கறக்கிறோம் என்பது அவர் வாதம்.

அவருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். முழு வாக்கியத்தைப் படித்தால் குற்றம் இன்னும் கூடுகிறது. கிராமத்தின் நிலை அவருக்கு நன்றாகவே தெரியும். முதல் தடவை, 1866இல், அந்தப் பதவிக்கு வந்த சூட்டிலேயே ஒரிசாப் பஞ்சத்தைப் பார்த்தவர். கல்கத்தா அதிகாரிகளை நம்பி இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டேன் என்று தானே வருந்திச் சொன்னவர். 1874இல் பிகாரில் ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் பர்மா அரிசியை இறக்கிச் சாவைத் தடுத்ததும் இவர் காலத்தில்தான். அதற்கு டெம்பிளுக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல, செலவு அதிகம் என்ற திட்டு.

அப்புறம் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1877 தொடக்கத்தில் அதே டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்தார், இந்த முறை கையை இறுக்கிக்கொண்டு. நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஆளுக்கு நாள் கூலி ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியமும் ஓர் அணாவும். மண் சுமக்கிறவனுக்கு ஒரு ராத்தல்! மாகாண சுகாதார கமிஷனர் கார்னிஷ் இது போதவே போதாது என்று எதிர்த்து எழுதினார். சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சத்தில் வெட்டியது. சோறு கண்ட இடத்தில் நாங்கள் அள்ளித் தின்றால் எங்கள் பாட்டி, "தாது வருஷத்தில் அடிபட்டதுகளா!" என்பாள்.

அப்போதும் லண்டனில் இந்திய மந்திரி சாலிஸ்பரிதான். 1878 ஏப்ரலில் அவர் வெளியுறவு மந்திரியாகிப் பெர்லின் மாநாட்டுக்குப் போய்ப் பெயர் வாங்கினார். பெர்லினுக்கு இரண்டு பத்தி கொடுத்த கட்டுரையாளர், லட்சக்கணக்கானோர் செத்த இந்தப் பஞ்சத்துக்கு ஒரு வரியாவது கொடுத்திருக்கலாம்.

இன்னொன்று. 1888இல் எடின்பரோவில் தாதாபாய் நௌரோஜியை அவர் 'கறுப்பு மனிதர்' என்று ஏளனமாகச் சொன்னதைக் கட்டுரை குறிப்பிடுகிறது. சரி, அதன் பிற்பகுதியையும் போட்டிருக்க வேண்டாமா? 1892 பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் லண்டன் சென்ட்ரல் ஃபின்ஸ்பரி தொகுதியில் நௌரோஜி 5 வாக்கில் ஜெயித்தார். அதே தேர்தலில்தான் சாலிஸ்பரி பிரதமர் பதவியை இழந்தார்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
விழுப்புரம்