சேஷனும் அவர் உட்கார்ந்த நாற்காலியும்

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன் பற்றிய கட்டுரை படித்தேன். 1990 டிசம்பரில் அவர் அந்தப் பதவிக்கு வந்ததில் தொடங்கி 1996 டிசம்பரில் முடித்துவிட்டீர்கள். அதற்கு முந்தைய 35 வருஷம் எங்கே போயிற்று?

அவர் 1955 பேட்ச் ஐ.ஏ.எஸ்., தமிழ்நாடு கேடர். மதுரையில் கலெக்டராக இருந்தவர். சென்னையில் போக்குவரத்து இயக்குநராக இருந்தபோது, பஸ் ஓட்டத் தெரியாதவருக்கு எங்கள் கஷ்டம் எப்படிப் புரியும் என்று ஒரு டிரைவர் கேட்டுவிட, பஸ் ஓட்டவும் இன்ஜினைப் பிரித்து மாட்டவும் கற்றுக்கொண்டார் என்பார்கள். ஆள் அப்போதும் அதே ஆள்தான், பிடிவாதமும் அதே பிடிவாதம்தான். ஆனால் 1989இல் மத்திய அரசு அதிகாரிகளில் முதலிடமான காபினட் செயலாளராக உயர்ந்தவரை, அந்த வருஷமே ஆட்சி மாறியதும் திட்டக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு உத்தரவு போதுமானதாக இருந்தது.

மறு வருஷம் தலைமைத் தேர்தல் ஆணையர் ஆனார். அந்தப் பதவியில் இருப்பவரை நீக்க வேண்டுமென்றால் உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குகிற அதே வழியில்தான் நீக்க முடியும் என்கிறது அரசியலமைப்பின் 324ஆவது பிரிவு. அது சேஷனுக்காக எழுதியதல்ல, 1950 முதல் இருப்பது. 1993இல் மோதல் முற்றியபோது மத்திய அரசால் அவரை எழுப்ப முடியவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு நாற்காலி போட்டு, மேலும் இரண்டு தேர்தல் ஆணையர்களை உட்கார வைத்தார்கள். சேஷன் வழக்குப் போட்டுத் தோற்றார். சரி, அது வேறு கதை.

இன்னொரு சேஷன் வருவாரா என்று கட்டுரையாளர் ஏங்குகிறார். நான் வருவாய்த் துறையில் 31 வருஷம் வேலை பார்த்தவன். அப்படிப்பட்டவர்கள் வரத்தான் செய்தார்கள். ஒரு கலெக்டர், ஏரி ஆக்கிரமிப்பை அளக்கச் சொல்லிச் சர்வேயர்களோடு வெயிலில் நடந்தார். அளவை பாதியில் நிற்கும்போதே மாறுதல் வந்தது. அடுத்து வந்தவர் அந்தக் கோப்பைப் படித்து முடிப்பதற்குள் அவருக்கும் வந்தது.

ஓய்வுபெற்ற காபினட் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வேறு சில முன்னாள் அதிகாரிகளோடு சேர்ந்து தொடுத்த வழக்கில், 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிய வேண்டும் என்றது. அவரும் தமிழர்தான். அந்தத் தீர்ப்பு நம் மாவட்டங்களில் எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது என்று உங்கள் நிருபர்களை விசாரிக்கச் சொல்லுங்கள். சேஷன் கட்டுரைக்குக் கொடுத்த நான்கு பக்கத்தில் இரண்டு பக்கம் அதற்குக் கொடுத்தால்கூடப் போதும்.

– ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர், மதுரை