அடுத்த குளிருக்குள் செய்து முடியுங்கள்: டெக்சாஸ் மின்தொகுப்புப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மையீர்,

வணக்கம். ஆஸ்டினிலிருந்து எழுதுகிறேன். பனிப்புயலும் கடுங்குளிருமாக இருந்த பிப்ரவரி 15, திங்கள் அதிகாலை எங்கள் தெருவில் கரண்ட் போனது. சுழற்சி முறையில்தான் வெட்டு, முக்கால் மணி நேரத்தில் வந்துவிடும் என்று சொன்னார்கள். வியாழன் மதியம்தான் வந்தது.

நடந்தது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 45 லட்சம் இணைப்புகள் இருண்டதும், இன்னும் 4 நிமிடம் 37 விநாடியில் மாநிலத்தின் மொத்த மின்தொகுப்பும் (கிரிட்) விழுந்திருக்கும் என்பதும் நீங்கள் அறிந்த கணக்கு. அந்தக் கணக்கில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

அம்மா மதுரையிலிருந்து வந்து, கொரோனாவால் திரும்ப முடியாமல் எங்களோடு இருக்கிறார். இருவேளை இன்சுலின். செவ்வாய் இரவு ஜன்னலோரம் வைத்திருந்த டம்ளர் தண்ணீரில் பாலாடை போல் பனி படர்ந்திருந்தது. இன்சுலின் உறைந்தால் உதவாது. அம்மா இன்சுலின் பேனாக்களைக் கைக்குட்டையில் சுற்றி, இடுப்பில் புடவைக் கொசுவத்தோடு சேர்த்துச் செருகிக்கொண்டார். ஊரில் பவர்கட் நாட்களில் இதே மருந்தை வெயிலிலிருந்து காக்க மண்பானைத் தண்ணீரில் வைத்தவர். நழுவிவிடுமோ என்று இரண்டு இரவும் புரண்டுகூடப் படுக்கவில்லை. காலையில் சர்க்கரை பார்க்க விரலில் குத்தினால் ரத்தம் வரவில்லை. அவர் கையை என் அக்குளில் இடுக்கிச் சூடேற்றிய பிறகுதான் ஒரு சொட்டு வந்தது.

அதே இரவில் நகர மையத்தில் ஆளில்லாத அலுவலகக் கோபுரங்கள் விடிய விடிய எரிந்துகொண்டிருந்தன.

வெயில் பூமியில் இப்படிப் பனி கொட்டும் என்று யார் கண்டார்கள் என்ற பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. 1989 டிசம்பரில் கண்டீர்கள். 2011 பிப்ரவரியில் கண்டீர்கள். அதன்பின் வந்த மத்திய ஒழுங்குமுறை ஆணைய அறிக்கை, எரிவாயுக் கிணறுகளுக்கும் மின்நிலையங்களுக்கும் குளிர்காப்பு, அதாவது குளிரில் உறையாமல் காக்கும் ஏற்பாடு, செய்யச் சொன்னது. யாரும் அதைக் கட்டாயமாக்கவில்லை. பத்து வருடம் ஓடிவிட்டது. இப்போது கிணறுகள் உறைந்தன. மின்நிலையங்களுக்கு எரிபொருளாகும் எரிவாயுவை உந்தித் தள்ளும் நிலையங்களுக்கே கரண்ட் வெட்டப்பட்டது. ஓர் அணு உலை, உணர்கருவிக் குழாய் உறைந்ததால் நின்றது. பழி மட்டும் காற்றாலை மேல். மினசோட்டாவில் இதைவிடக் கொடிய குளிரில் காற்றாலைகள் சுற்றுகின்றன, குளிர்காப்போடு.

நான் கேட்பது ஒன்றுதான். குளிர்காப்பைச் சட்டப்படி கட்டாயமாக்குங்கள். மின்நிலையத்துக்கு மட்டும் போதாது, எரிவாயுக் கிணறு வரைக்கும்.

மத்தியக் கட்டுப்பாடு வேண்டாம் என்று அண்டை மாநிலங்களிலிருந்து தொகுப்பைப் பிரித்தே வைத்தீர்கள். ஆபத்தில் கைகொடுக்கப் போதிய இணைப்பு இல்லை. ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 9,000 டாலர் என்று மொத்த விலையை உச்சத்தில் நிறுத்தினீர்கள். குளிரில் நடுங்கியவர்களுக்கே ஆயிரக்கணக்கில் பில் வந்தது. சூட்டுக்காக வீட்டுக் கார் கொட்டகைக்குள் காரை ஓடவிட்டுப் புகையில் இறந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

கோபம் மிஞ்சிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: குளிர்காப்பைக் கட்டாயமாக்குங்கள், அதையும் அடுத்த டிசம்பருக்குள் முடியுங்கள். ஒன்பது மாதம் கையில் இருக்கிறது. எந்த வேலை எந்த மாதம் முடியும் என்று ஊரறியச் சொல்லுங்கள். அம்மா அப்போதும் இங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
ஆஸ்டினில் வசிக்கும் ஒரு மின் நுகர்வோர்
பிப்ரவரி 2021