செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைத் தம்பிக்கு

நேற்று காலை யார் கையையும் பிடிக்காமல் வாசல் வரை நடந்துபோய், பால் பாக்கெட்டை நானே எடுத்து வந்தேன். ஏற்காடு மலைப்பாதையில் அன்று நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. வளைவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்த ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும், கம்பளி கொண்டுவந்து போர்த்திய காப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்கும், இரத்தம் கொடுத்த என் பழைய மாணவர்களுக்கும், இரண்டு மாதம் ரசம் சாதம் கொடுத்தனுப்பிய அஸ்தம்பட்டி அக்கம்பக்கத்தாருக்கும் கைகூப்புகிறேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன்.

இந்த மடலின் மீதி முழுவதும் ஒருவருக்கு.

டாக்டர் சரி என்ற பிறகு என் யோகா ஆசிரியை கேட்டது ஒன்றே ஒன்று: சாயும் தகட்டை வெட்டி எடுத்த இரும்பு மடக்கு நாற்காலி. யோகா குரு பி. கே. எஸ். அய்யங்கார் வழியில் பயில்பவர்களுக்கு அது பழகிய பொருள். 1918இல் கோலார் பக்கத்துப் பெல்லூரில் நோஞ்சான் குழந்தையாகப் பிறந்தவர் அவர். வயலின் மேதை யெஹுதி மெனுகினின் அழைப்பில் 1954இல் சுவிட்சர்லாந்து போனார். பிறகு லண்டனிலும் அமெரிக்காவிலும் கற்பித்தார். ஆசனத்துக்கு உடம்பு வளையாவிட்டால் கயிறு, கட்டை, நாற்காலி என்று எதையாவது வைத்து ஆசனத்தை உடம்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவார். 1979இல், அறுபது வயதில், விபத்தில் அடிபட்டு எல்லா ஆசனங்களையும் முதலிலிருந்து பழகினார். படுக்கையில் கிடந்தபோது நான் பற்றிக்கொண்டது இந்த ஒரு செய்தியைத்தான். எனக்கும் வயது அறுபத்தொன்று.

மூன்று கடைகளில், நல்ல நாற்காலியை எதற்குக் கெடுக்கிறீர்கள் என்று என் மகனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தம்பி, நீங்கள் மட்டும்தான் நாற்காலியோடு வீட்டுக்கே வந்தீர்கள். "டீச்சர், நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். எப்படி உட்கார வேண்டும் என்று சொல்லுங்கள், நான் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றீர்கள். பின்பக்கமாகத் திரும்பி, வெட்டிய இடைவெளியில் இரண்டு காலையும் நுழைத்தீர்கள். முட்டி இடித்த இடத்தில் சாக்பீஸால் குறித்துக்கொண்டீர்கள்.

மறுநாள் முன்கால்களுக்கு நடுவே ஒரு கம்பி பற்றவைத்துக் கொண்டுவந்தீர்கள். அதோடு விடவில்லை. பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து, வெட்டிய விளிம்பு முழுக்க மெல்ல இழுத்தீர்கள். நூல் சிக்கிய இடத்திலெல்லாம் அரத்தால் ராவி, மறுபடி பஞ்சு. நான்கு முறை எண்ணினேன். கடைசி முறை பஞ்சு வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்கு மேலும் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினீர்கள். பணத்தை நீட்டியபோது, "நடந்து காட்டுங்கள், போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

மெனுகின் அய்யங்காருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தார். அதில் பொறித்திருந்தது, 'என் மிகச் சிறந்த வயலின் ஆசிரியருக்கு' என்று. வயலின் வாசிக்காத மனிதருக்கு! ஓர் ஆசனத்தின் பெயர்கூடத் தெரியாத உங்களை என் யோகா ஆசிரியர் என்று சொல்ல எனக்கும் அதே உரிமை உண்டு.

ஆயுத பூசையன்று நாற்காலியைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்து உங்கள் பட்டறைக்கு எடுத்து வருகிறேன். மகன் தூக்கி வருவான். தெருமுனையிலிருந்து நான் நடந்து வருவேன். பொரிகடலை எனக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வையுங்கள்.