இடது இடுப்பைப் பற்றி ஒரு கடிதம்

மதுரை
ஞாயிறு காலை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்துக் காட்டியதும் அம்மா கை தட்டிச் சிரித்தாள். இங்கே எல்லாரும் சுகம். சின்னவன் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்தோம். மாடிப்படி பக்கம் இருந்த மல்லிகைப் பந்தலை மட்டும் தொட விடவில்லை.

நீ எழுதியதில் ஒரு பத்தியை மட்டும் மூன்று தடவை படித்தேன். செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில் அடிக்கிற பந்தெல்லாம் வலது பக்கம் வளைந்து ஓடுகிறது, பதினான்காவது குழி தாண்டினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது, அதனால் புது டிரைவர் கிளப் (தூரம் அடிக்கிற மட்டை) வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பணம் ஒரு ஆறு மாதம் பேங்கிலேயே கிடக்கட்டும் மாப்ளே. உன் கிளப்பில் கோளாறு இல்லை. நீ எழுதியிருக்கிற வலி நான் பட்ட வலி. வார்த்தைக்கு வார்த்தை அதே.

போன தை மாதம் கொடைக்கானலில் நடந்ததை உனக்கு முழுசாகச் சொல்லவில்லை, நீ கவலைப்படுவாய் என்று. காலை ஐந்து மணிக்கு மச்சானோடு கிளம்பினேன். வாடிப்பட்டி, வத்தலக்குண்டு, அப்புறம் மலைப்பாதை. மூன்று மணி நேரம் காரில் மடங்கி உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கி ஒரு டீ குடித்து, நேரே முதல் குழிக்கு அடிக்கிற இடத்தில் போய் நின்றேன். 1895-ல் ஆரம்பித்த கோல்ஃப் கிளப், பனி இன்னும் புல்லில் கிடக்கிறது, தூரத்தில் இரண்டு காட்டுமாடு மேய்கிறது. அந்த அழகில் மனசு நிறைந்துபோய் டிரைவரை எடுத்து முழு வேகத்தில் சுற்றினேன். மூன்றாவது அடியில் முதுகின் அடியில் யாரோ கொக்கி மாட்டி இழுத்த மாதிரி இருந்தது. நிமிர முடியவில்லை. பின்சீட்டில் படுத்தபடியே மதுரை வந்து சேர்ந்தேன்.

முதலில் பார்த்த டாக்டர் பெல்ட் கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், மூன்று வாரம் படுத்திரு என்றார். எங்கே பிடித்தது, எப்படித் திரும்பும்போது பிடித்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படுக்கப் படுக்க உடம்பு இன்னும் இறுகியது. அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் அண்ணாநகரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போனேன். நம் மகள் வயசுதான் இருக்கும். அவள் முதுகைத் தொடவே இல்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னாள். முழங்கால் இரண்டையும் ஒட்டவைத்து, ஒரு கம்பைத் தோளுக்குக் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு, இடுப்பு அசையாமல் மேலுடம்பை மட்டும் திருப்பச் சொன்னாள். ஒரு பக்கத்துக்கு 45 டிகிரியாவது வரவேண்டும் என்றாள். எனக்கு அதில் பாதிதான் வந்தது. பிறகு, உட்கார்ந்தபடியே முழங்கால் நகராமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தூக்கச் சொன்னாள். பாதம் வெளியே போனால் தொடை உள்பக்கம் உருளும், அதைத்தான் அவள் பார்த்தாள். வலது கால் ஓரளவு போனது. இடது கால் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது. “அங்கிள், உங்க முதுகுல ஒண்ணும் இல்ல. இந்த இடுப்பு செய்யாத வேலைய அது செய்யுது” என்றாள்.

அவள் விளக்கியதை உனக்கும் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்த பிறகுதான் எனக்குப் பயிற்சியில் பிடிப்பு வந்தது. பேக்ஸ்விங்கில், அதாவது அடிக்க மட்டையைப் பின்னால் தூக்கும்போது, தோள் 90 டிகிரி வரைக்கும் திரும்புகிறது, இடுப்பு அதில் பாதி, சுமார் 45. மிச்சம் எங்கிருந்து வரவேண்டும்? விலா எலும்பு ஒட்டியிருக்கிற மேல்முதுகிலிருந்து. அங்கே 12 எலும்பு இருக்கிறது, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் திரும்பும். கீழ்முதுகில் இருக்கிற ஐந்து எலும்பும் குனியவும் நிமிரவும்தான் வாகானவை. ஐந்தும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்கு 10 டிகிரி திரும்பினால் அதிகம். நீயும் நானும் வலதுகைக்காரர்கள். பந்தை அடித்து முடிக்கும்போது உடம்பின் பாரமெல்லாம் இடது காலில் வந்து, அந்தத் தொடை எலும்பின் மேலேயே இடுப்பு சுற்றவேண்டும். இடது இடுப்புமூட்டு உள்பக்கம் உருளவில்லை என்றால், வேகமாக வருகிற உடம்பு அங்கே நிற்காது, அடுத்து இருக்கிற கீழ்முதுகைப் பிடித்துத் திருகும். முதுகுவலி வந்த கோல்ஃப் ஆட்டக்காரர்களைச் சோதித்துப் பார்த்தவர்கள் இலக்கின் பக்கம் நிற்கிற முன்கால் இடுப்பில் இந்த இறுக்கத்தைத்தான் கண்டிருக்கிறார்கள்.

உன் பந்து வலது பக்கம் வளைவதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கும் என்று எனக்குப் படுகிறது. உடம்பு திரும்பாதபோது கை மட்டும் மேலே தூக்கிக்கொள்கிறது. இறங்கும்போது வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. எவ்வளவு விலை கொடுத்து டிரைவர் வாங்கினாலும் அதே கைதான் வெட்டப் போகிறது.

நமக்கு இது எப்படி வந்தது என்று யோசித்தேன். 35 வருஷம் பேங்க் நாற்காலி. வீட்டில் டைனிங் டேபிள், சோபா, வெஸ்டர்ன் டாய்லெட், கார். தரையில் கடைசியாக எப்போது உட்கார்ந்தோம்? ஒரு நாள் சாயங்காலம் அம்மா பந்தலில் பறித்த மொட்டை மடியில் போட்டுக்கொண்டு தரையில் சம்மணம் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். வலது முழங்கால் தரையோடு தரையாக ஒட்டிக் கிடக்கிறது. நாரை இழுக்கும்போது இடுப்பிலிருந்தே இந்தப் பக்கம் திரும்பிக் கத்தரியை எடுக்கிறாள், அந்தப் பக்கம் திரும்பிப் பூவை வைக்கிறாள். கட்டி முடித்ததும் ஒரு கையைக்கூட ஊன்றாமல் எழுந்து போனாள். 86 வயசு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், என் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் நின்றது.

அன்றைக்கே கோரைப்பாயை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். இப்போது நான்கு மாதம் ஆகிறது. நான் செய்வதை எழுதுகிறேன், ஆனால் நீ உன் ஊரில் ஒரு பிசியோவிடம் ஒரு தடவை உடம்பைக் காட்டிவிட்டு ஆரம்பி.

எல்லாவற்றிலும் எனக்குப் பலன் கொடுத்தது இடுப்புக்கான உட்காரல்தான். பாயில் உட்கார்ந்து இடது காலை முன்னால் மடக்கி, வலது காலைப் பக்கவாட்டில் மடக்கி, இரண்டு முழங்காலும் மூலைமட்டம் மாதிரி 90 டிகிரியில் இருக்கவேண்டும். முதலில் முன்காலின் மேல் நெஞ்சை நிமிர்த்தியபடி சாய்வது, அப்புறம் பின்காலின் பக்கம் மெல்லத் திரும்புவது. தொடை உள்பக்கம் உருள்வது அந்தப் பின்காலில்தான். அதனால் கால் மாற்றி, இடது கால் பின்னால் வரும்போது எனக்குக் கூடுதல் நேரம். முதல் வாரம் இரண்டு கையும் பின்னால் ஊன்றாமல் உட்காரவே முடியவில்லை. வலிக்கிற வரைக்கும் போகாதே, இழுக்கிற இடத்தில் நிறுத்தி மூச்சை வெளியே விடு. நம் வயசுக்கு ஒரு நிலையில் 30-லிருந்து 60 நொடி இருக்கவேண்டும், பத்து நொடியில் விட்டுவிட்டால் போதாது.

மேல்முதுகுக்கு, ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் இரண்டையும் மடக்கி, நடுவில் ஒரு தலையணை. இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே ஒன்றன்மேல் ஒன்று. மேல் கையை மட்டும் கதவு திறக்கிற மாதிரி தூக்கி முதுகுப்பக்கம் கொண்டுபோய், கண்ணும் கையோடு போகவேண்டும். முழங்கால் தலையணையை விட்டு எழும்பக்கூடாது, எழும்பினால் கீழ்முதுகு திருகுகிறது என்று அர்த்தம். முதல் நாள் என் கை வானத்தைப் பார்த்து நின்றது. இப்போது புறங்கை பாயைத் தொடுகிறது. தொட்ட அன்றைக்கு யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். தொடையின் பின்பக்கத்துக்குத் துண்டு மாட்டிக் காலைத் தூக்குவது, சுவரைத் தள்ளி நின்று கெண்டைக்காலை இழுப்பது, இதெல்லாம் உனக்கே தெரியும்.

இன்னொருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததையும் கேள். நத்தம் ரோட்டில் ஒரு ஊரில் புளியமரத்தடியில் பிள்ளைகளுக்குக் கம்பு சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். மச்சான் தோப்புக்குப் போகிற வழி. ஒரு நாள் இறங்கி நின்று பார்த்தேன். நெற்றி உயரக் கம்பு, காற்றைக் கிழித்துக்கொண்டு சுற்றுகிறது, ஆனால் என் கண் காலில்தான் நின்றது. ஒவ்வொரு வீச்சுக்கும் குதிகால் திரும்புகிறது, அதோடு முழங்கால், அதோடு இடுப்பு, அதற்கப்புறம்தான் தோள். பேச்சுக் கொடுத்தேன். நான் கோல்ஃப் வீச்சை அவர் கம்பிலேயே வீசிக் காட்டினேன். “கை நல்லாத்தான் போகுது சார். காலுதான் நட்டுவச்ச மாதிரி நிக்குது” என்றார். பிசியோ பெண் சொன்னதையே அவரும் சொல்கிறார், ஒருவரை ஒருவர் பார்த்ததுகூடக் கிடையாது.

அன்றைக்கு இரண்டு மாற்றம் செய்தேன். நிற்கும்போதே இடது பாதத்தின் முன்பக்கத்தை இலக்கின் பக்கம் 20, 30 டிகிரி விரித்து வைக்கிறேன். இடுப்புக்கு அந்த அளவு வழி மிச்சமாகிறது. பேக்ஸ்விங்கில் இடது குதிகால் எழும்ப விரும்பினால் எழும்பட்டும் என்று விட்டுவிட்டேன். அமெரிக்க ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் அப்படி எழுப்பித்தான் அத்தனை பட்டமும் ஜெயித்தார். குதிகாலைத் தரையில் ஒட்டவைத்துக்கொண்டு முழுசாகத் திரும்புவது சின்னப் பிள்ளைகளின் உடம்புக்குச் சரி.

அதே வாத்தியாரிடம் சிறிய கர்லாக்கட்டை ஒன்று வாங்கி வந்து தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டுச் சுற்றிப் பழகுகிறேன். ஆனால் மாப்ளே, இதை நீ உடனே எடுக்காதே. உனக்குச் சுகர் இருக்கிறது. சுகர் உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிப்போகிற கோளாறு மற்றவர்களைவிட அதிகம் வரும். சட்டைக் கைக்குள் கையை நுழைக்கும்போது சிரமமாக இருக்கிறது என்று நீ தீபாவளிக்கு வந்தபோது சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எந்தத் தோள், எவ்வளவு நாளாக என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லிக் காட்டு. அதுவரைக்கும் ஒரு துண்டை முதுகுக்குப் பின்னால் மேலும் கீழும் பிடித்து மெல்ல இழுப்பது போதும். இதை நீ தள்ளிப்போடக் கூடாது, எனக்காகவாவது போ.

டிவியில் பார்க்கிற பையன்கள் மாதிரி கிளப்பைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோகவேண்டும் என்ற ஆசையும் வேண்டாம். ஸ்பெயின்காரர் ஜான் ராமைப் பார். பிறக்கும்போதே வலது பாதம் வளைந்திருந்தது, அந்தக் கணுக்கால் இன்றைக்கும் முழுசாக மடங்காது. அதனால்தான் தன் பேக்ஸ்விங் குட்டை என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் குட்டை வீச்சிலேயே 2021-ல் அமெரிக்க ஓபனும் 2023-ல் மாஸ்டர்ஸும் ஜெயித்தார். உடம்பு எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுக்குள் வீசுகிறார். நாம் செய்யவேண்டியது அந்த அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. அமெரிக்க ஆட்டக்காரர் டாம் வாட்சன் 59 வயசில் 2009 பிரிட்டிஷ் ஓபனில், சமனானவர்கள் மோதுகிற பிளே-ஆஃப் வரைக்கும் போன அன்றைக்கு நாம் இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டே ராத்திரி வெகுநேரம் பார்த்தோமே, அந்த வயசை நாம் இப்போது தாண்டிவிட்டோம்.

என் பந்து இப்போது ரொம்ப தூரம் போகிறது என்று சொல்லமாட்டேன். தோப்பில் வலை கட்டி அடிக்கிறேன், தூரம் எனக்கே தெரியாது. ஆனால் அடித்து முடித்ததும் வயிறு இலக்கைப் பார்த்து நிற்கிறது, நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது, இடது காலில் மூன்று எண்ணும் வரைக்கும் தடுமாறாமல் நிற்கமுடிகிறது. மறுநாள் காலை கட்டிலிலிருந்து எழும்போது எதையும் பிடிக்கவேண்டியிருக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வருகிற மாதம் கொடைக்கானல் வைத்துக்கொள்வோமா? இந்தத் தடவை முந்தின நாள் சாயங்காலமே ஏறிவிடலாம். காலையில் அறையிலேயே பாய் விரித்து இருபது நிமிஷம், பிறகு மைதானத்தில் பத்து நிமிஷம் நடை, காலை முன்னும் பின்னும் வீசுவது, கம்பைத் தோளில் வைத்துத் திரும்புவது. அசைந்துகொண்டே செய்கிறதெல்லாம் ஆட்டத்துக்கு முன்னால், பிடித்து நிறுத்துகிற இழுப்பெல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு. முதல் பத்து அடி சின்ன இரும்பு மட்டையில் அரை வீச்சு. டிரைவரை நான் எடுக்கச் சொல்லும் வரைக்கும் பையிலிருந்து எடுக்கக்கூடாது, சம்மதமா?

உனக்கும் ஒரு கோரைப்பாய் வாங்கி வைத்திருக்கிறேன். நீ வத்தலக்குண்டு வந்து இறங்கு, அங்கேயே உன்னை ஏற்றிக்கொள்கிறேன். பேத்தி நடக்கிற வீடியோவை அம்மாவுக்கு அனுப்பு, தினமும் கேட்கிறாள். தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்