வலசைப் பாதையில் வேலிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். வனவிலங்குகளின் வலசைப் பாதைகளைக் காக்க அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் ஒத்துழைக்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். பாதையின் ஒரு துண்டை மட்டும் காப்பதில் பயன் குறைவு என்பதே என் கருத்து. வயோமிங் மாநிலத்தின் கிராண்ட் டீட்டன் பூங்காவிலிருந்து குளிர்காலத்துக்கு முன் 200 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே செல்லும் பிராங்ஹார்ன் மான்களின் பாதைக்கு 2008-இல் பாதுகாப்பு கிடைத்தபோது, அது தேசிய வனத்துக்குள் அடங்கிய பகுதிக்கு மட்டுமே பொருந்தியது. அதற்கு அப்பால் மேய்ச்சல் நிலங்களும் எரிவாயு வயல்களும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன. அந்தப் பாதை கடக்கும் நெடுஞ்சாலைக்கு மேல் விலங்குகளுக்கான பாலம் 2012-இல் கட்டப்பட்டதை மறுப்பதற்கில்லை; ஆனால் அது மட்டும் போதாது.

அப்பகுதியில் பயணம் செய்தபோது, முள்வேலியின் கீழ்க்கம்பியில் மானின் முடிக்கொத்துகள் சிக்கியிருந்ததைப் பார்த்தேன். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடிய இவ்விலங்கு, விந்தையாக, வேலியைத் தாண்டுவது அரிது. பெரும்பாலும் அடியில் நுழைந்தே செல்கிறது. எனவே மாநில அரசுகளும் நில உரிமையாளர்களும் பொது வரைபடம் ஒன்றை ஏற்று, பாதையில் குறுக்கிடும் வேலிகளின் கீழ்க்கம்பியை முள்ளில்லாததாக மாற்றித் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்துவதற்கான செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.