மூன்று பெட்டி போதும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. வசந்தி கைத்தடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும்தான் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. நாங்கள் சௌக்கியம். பேரனுக்கு ஒன்றரை வயதாகிறது. என் மேஜையில் கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் போட்டுப் பார்க்கிறான். போன மாதம் ஒரு சக்கரத்தை அவன் கடைவாயிலிருந்து தோண்டி எடுத்தோம். அன்றே என் விமானக் கடையை மொட்டைமாடி அறைக்கு மாற்றிவிட்டாள் சாரதா.

ஜனவரியில் வரும்போது ஒட்டிச் சேர்க்கிற விமான மாடல் பெட்டிகள் வாங்கி வருகிறேன், சூட்கேஸில் மூன்றுதான் அடங்கும், பழைய பிரிட்டிஷ் ஜெட்டுகளாகவே இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். சரி. கூடவே வல்கன், ஹண்டர், ஹாரியர் என்று நீயே பட்டியலும் போட்டுவிட்டாய். உன் பட்டியலை வைத்துக்கொண்டு நான்கு நாள் யோசித்தேன். வருத்தப்படாதே, மூன்றையும் அடித்துவிட்டேன்.

வல்கன் எனக்கும் ஆசைதான். 2015-இல் கடைசியாகப் பறந்தபோது வயலோரத்தில் நின்று பார்த்தேன், வயிற்றுக்குள் அதிர்ந்தது என்று நீ எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார். நிஜ விமானத்தின் இறக்கை முனைக்கு முனை 111 அடி. 72-இல் ஒரு பங்காகக் குறைத்தாலும் 47 சென்டிமீட்டர் வருகிறது. என் கண்ணாடி அலமாரியின் ஆழம் 30. அலமாரிக்கு மேலே வைக்கலாம் என்றால் அது பல்லியின் ராஜ்ஜியம். ஹாரியர் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, அவ்வளவுதான். ஹண்டரை விட்டதற்கு நீ திட்டுவாய், திட்டு. அதைவிட அழகான ஜெட் விமானம் பிரிட்டனில் வரவில்லை என்பதுதான் என் கட்சியும். 1971 போரில் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளை நிறுத்திய விமானம் வேறு. ஆனாலும் இந்தத் தடவை அது இல்லை, ஏனென்றால் அதை வரைந்தவர் சிட்னி கேம். நான் ஒரே ஆளின் கையிலிருந்து வந்த மூன்றை வரிசையாக வைக்கப் போகிறேன்.

அந்த ஆள் டெட்டி பெட்டர். உனக்குப் பெயர் தெரிந்திருக்காது. ஆனால் தினமும் அவர் இருந்த இடத்தைத் தாண்டித்தான் நீ போகிறாய். பிரெஸ்டனில் கார்ப்பரேஷன் தெருவில் ஒரு பழைய மோட்டார் கராஜ் இருந்ததாம். வெஸ்ட்லாண்ட் கம்பெனியை விட்டு 1944-இல் இங்கிலீஷ் எலக்ட்ரிக்குக்கு வந்த பெட்டரும் அவர் ஆட்களும் அங்கே உட்கார்ந்துதான் கான்பெரா குண்டுவீச்சு விமானத்தை வரைந்தார்கள். 1949 மே 13-ஆம் தேதி, உன் ஊருக்குப் பக்கத்து வார்ட்டனிலிருந்து ரோலண்ட் பீமாண்ட் அதை முதல் தடவை மேலே ஏற்றினார். வெள்ளிக்கிழமை, பதின்மூன்றாம் தேதி. ராகுகாலம் பார்க்கிற நம் ஊரில் ஒத்திப்போட்டிருப்பார்கள்.

ஆக முதல் பெட்டி கான்பெரா. அதில் துப்பாக்கியே வைக்காமல்தான் ஆரம்பித்தார்கள். எவனும் எட்ட முடியாத உயரத்தில், எட்ட முடியாத வேகத்தில் போனால் துப்பாக்கி எதற்கு என்பது கணக்கு. அந்த உயரத்துக்காகத்தான் இறக்கை அவ்வளவு அகலம். பார்க்கச் சாதுவாக, சப்பாத்திக் கட்டை மாதிரி இருக்கும். அந்தச் சாதுதான் 1957-இலிருந்து 2007 வரை ஐம்பது வருடம் நம் விமானப்படையில் வேலை பார்த்தது. கார்கில் சமயத்தில், 1999 மே மாதம், படம் பிடிக்கப் போன ஒன்றில் ஏவுகணை பட்டு ஒரு எஞ்சின் போய்விட்டது. மிச்சமிருந்த ஒரே எஞ்சினில் வீடு வந்து சேர்ந்தது.

கடையில் நான்கைந்து வகைக் கான்பெரா இருக்கும். நீ பார்க்க வேண்டியது பி(ஐ)8. அடையாளம் சுலபம்: விமானியின் கண்ணாடிக் குமிழ் நடுவில் இருக்காது, இடதுபக்கம் ஒதுங்கியிருக்கும். நாம் வாங்கியவை அந்த வழியில் வந்தவை. விமானி மட்டும் அந்தக் குமிழுக்குள், வழிகாட்டி கீழே மூக்குக்குள். குண்டு போடும்போது குப்புறப் படுத்துக்கொண்டு முன்கண்ணாடி வழியாகப் பார்ப்பார். விமானியின் இருக்கை, ஆபத்தில் அவரை வெளியே தூக்கி எறியும். வழிகாட்டிக்கு அது கிடையாது. பாராசூட்டை மாட்டிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகத் தானே குதிக்க வேண்டும். இதைப் படித்த பிறகு அந்த மூக்குக் கண்ணாடியை ஒட்டும்போது கை கொஞ்சம் நிதானமாகத்தான் போகும்.

அந்த மூக்குக்குள் இடம் இருக்கிற மட்டும் தூண்டிலுக்குப் போடுகிற ஈயக் குண்டுகளை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வால் கனத்து, முன்சக்கரம் அந்தரத்தில் நிற்கும், விமானம் புட்டத்தில் உட்காரும். எல்லாம் ஒட்டி, பெயிண்டும் அடித்த பிறகு இது தெரியவந்தால் அழுகை வரும். எனக்கு ஒரு தடவை வந்திருக்கிறது.

இரண்டாவது லைட்னிங் என்கிற சண்டை விமானம். இதில் நீ ஆட்சேபிக்கலாம். முதல் வரைவு பெட்டருடையது, 1950-இல் அவர் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய பிறகு முடித்தவர் ஃபிரெடி பேஜ். ஆனால் அந்த யோசனையைப் பார். இரண்டு எஞ்சினைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக, கீழது முன்னாலும் மேலது பின்னாலுமாக அடுக்கினார். உடம்பு ஒல்லியாயிற்று. ஒன்று நின்றாலும் விமானம் ஒருபக்கமாக இழுக்காது. இறக்கை 60 பாகை பின்னோக்கிச் சாய்ந்தது. கிடைவாலைக் கீழே வைத்தது தப்பு என்று ஃபார்ன்பரோ அரசு ஆராய்ச்சிக்கூட நிபுணர்கள் சொல்ல, அதைச் சோதிக்கவே ஷார்ட் எஸ்.பி.5 என்று தனியாக ஒரு விமானம் கட்டிப் பறக்கவிட்டார்கள். கடைசியில் பெட்டர் வைத்த இடமே சரி என்று ஆனது. எதிர்பார்க்கக்கூடிய கதைதான், ஆனாலும் படிக்கும்போது ஒரு சந்தோஷம்.

எஃப்.6 வகையாகப் பார்த்து வாங்கு. நீண்ட தூரம் போகும்போது அதற்கு உபரி எரிபொருள் தொட்டிகளை இறக்கைக்கு மேலே வைப்பார்கள், தலையில் இரண்டு குடம் வைத்த மாதிரி. அப்படித்தான் பிரிட்டிஷ் விமானப்படையின் 74-ஆம் படைப்பிரிவு 1967-இல் சிங்கப்பூரின் தெங்கா தளம் வரைக்கும் போனது. அவர்களுடைய கறுப்பு வால்தான் எனக்கு வேண்டும். மிச்ச உடம்பெல்லாம் பெயிண்ட் அடிக்காத வெறும் உலோகம். பயமே அங்கேதான். வெள்ளி நிறம் எதையும் மறைக்காது. இரண்டு பாதிகளை ஒட்டிய கோட்டில் பட்டி பார்த்து, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. வெள்ளியை அடித்ததும் அந்தக் கோடு ஆபரேஷன் தழும்பு மாதிரி எழுந்து நிற்கும். முதலில் பளபளக்கிற கறுப்பை அடித்துவிட வேண்டும், குறை அதிலேயே தெரிந்துவிடும். போன ஐப்பசியில் மழை கொட்டும்போது அவசரப்பட்டு ஒரு மீட்டியர் ஜெட் மாடலுக்கு வெள்ளி அடித்தேன். ஈரக்காற்றில் மேற்பூச்சு முழுக்க வெள்ளை வெளேரென்று பூத்துவிட்டது. திருநீறு பூசிய மாதிரி அது இன்னும் அப்படியே நிற்கிறது. லைட்னிங்கைப் பங்குனி வெயிலில்தான் தொடுவேன்.

மூன்றாவது என்ன என்று இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். ஆறாம் வகுப்பு பி பிரிவு, ஜன்னலோர பெஞ்ச். காம்பஸ் முனையால் நீ விமானப் படம் செதுக்கி, கீழே ஆங்கிலத்தில் பெயர் எழுதி, "ஜி-நாட்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாய். சயன்ஸ் சார் வந்து, "ஜி ஊமைடா, நேட்" என்று திருத்தி, பெஞ்சைக் கெடுத்ததற்காக இரண்டு அடியும் கொடுத்தார். 1971 டிசம்பர் அது. 14-ஆம் தேதி ஸ்ரீநகரில் குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்து நிர்மல் ஜித் சிங் செக்கோன் நேட் விமானத்தில் ஏறி, பாகிஸ்தானின் ஆறு சேபர் விமானங்களோடு தனியாகச் சண்டை போட்டுச் செத்துப்போனார். இன்றுவரை விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரம் அவருடையது.

அந்த நேட்டும் பெட்டருடையதுதான் என்று எனக்கே இந்த வருடம்தான் தெரியும். சண்டை விமானங்கள் கனத்துக்கொண்டே போகின்றன, விலை ஏறிக்கொண்டே போகிறது என்று எரிச்சல்பட்டு, ஃபாலண்ட் என்கிற சின்னக் கம்பெனிக்குப் போய் அவர் வரைந்தது. முதலில் மிட்ஜ் என்று ஒன்று கட்டிப் பார்த்தார்கள், பிறகு நேட். இரண்டு பெயருக்கும் ஏறக்குறைய கொசு என்றுதான் அர்த்தம். தேதியைக் கேள்: லைட்னிங்கின் மூல விமானம் முதலில் பறந்தது 1954 ஆகஸ்ட் 4. மிட்ஜ் பறந்தது ஆகஸ்ட் 11. ஒரே மூளையிலிருந்து வந்த யானையும் கொசுவும் ஒரே வாரத்தில் எழும்பியிருக்கின்றன. பிரிட்டிஷ் விமானப்படை நேட்டைச் சண்டைக்கு எடுக்கவில்லை, பயிற்சிக்கு மட்டும் எடுத்தது. சண்டைக்கு எடுத்து, பெங்களூரில் கட்டவும் கட்டியது நாம்தான்.

அதனால் கடையில் கவனமாக இரு. சிவப்பு நிறத்தில் ரெட் ஏரோஸ் சாகசக் குழுவின் படம் போட்ட பெட்டியை நீட்டுவார்கள். அது இரண்டு பேர் உட்காருகிற பயிற்சி நேட், நீளமும் இறக்கையும் கொஞ்சம் பெரிது. எனக்கு வேண்டியது ஒற்றை இருக்கை. செக் நாட்டு ஸ்பெஷல் ஹாபி கம்பெனி அதைப் போட்டிருக்கிறது. 72-இல் ஒரு பங்கில் 12 சென்டிமீட்டர்தான் வரும், கான்பெராவின் ஒரு இறக்கையோரம் நிறுத்திவிடலாம். நானும் அப்படித்தான் நிறுத்தப் போகிறேன்.

பெட்டர் அதோடு விமானத்தையே விட்டுவிட்டார். கம்பெனி கைமாறியதும் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்தில் ஒரு மத சமூகத்தில் போய்ச் சேர்ந்து, 1968-இல் காலமானார். ஸ்ரீநகர் அவருக்குத் தெரியாது.

பசையும் பெயிண்டும் வாங்காதே. தீப்பிடிக்கும் என்று விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இங்கேயே பார்த்துக்கொள்கிறேன். பெட்டிகள் சூட்கேஸில் இடத்தை அடைத்தால் அட்டையை வீசிவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் துணிக்கு நடுவில் சுருட்டி வை. நேட் பெட்டியை மட்டும் வீசாதே, அந்தப் படம் எனக்கு வேண்டும்.

வசந்தியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு